பாட்டு முடியட்டும் என்றேன்

அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடந்தது ஒன்றரை ஆண்டுக்கு முன். என்னையும் என் மனைவியையும் சேர்த்து, நடந்ததை உள்ளபடி அறிந்தவர்கள் ஐந்து பேர்தான். நான் எழுதாமல் விட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஊரில் என்னைக் கண்டால் இப்போதும் எழுந்து நிற்கிறார்கள். அப்படி எழுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மின்வாரியத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் ஊரார் என்னை அறிந்தது பாட்டினால். சிவன் கோவிலில் மாலைப் பூசைக்கு நாற்பது ஆண்டுகளாகப் பதிகம் பாடி வருகிறேன். பண் பிசகாது, சொல் சிதையாது என்று பெயர். அந்தப் பெயரை நான் இறைவனிடம் ஒப்படைத்துவிட்டதாக நாள்தோறும் வாயால் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அதைக் கோவிலுக்குப் போகும்போதும் வரும்போதும் இடுப்பில் முடிந்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தின் அருகே ஒரு பெண் தையற்கடை வைத்திருக்கிறாள். கடற்கரை ஊரில் பிறந்தவள். கணவர் வளைகுடாவில் வேலை. அவளுடைய ஒரே மகளுக்கு அப்போது பத்து வயது. ஆறாம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. எனக்கும் சர்க்கரை உண்டு. ஐம்பதுக்கு மேல் வந்தது. மாத்திரை, நடை, பிரதோஷத்துக்குப் பட்டினி என்று அதை ஒருவாறு அடக்கி வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கு வரும் முதல் வகை அப்படிப்பட்டதன்று. அவர்களுடைய உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு வேளையும் ஊசியால்தான் உடம்புக்குள் செலுத்த வேண்டும். ஊசி போட்டபின் உரிய நேரத்துக்குள் உண்ண வேண்டும். உண்ணாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை கீழே, கீழே என்று இறங்கிவிடும். இதை இன்று இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூட என்னை நானே காப்பாற்றிக்கொள்வதுதான். எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். சர்க்கரை நோய்க்காரர் ஒரு வேளை உண்ணாதிருந்தால் நல்லது என்பது என் உடம்பு எனக்குக் கற்பித்த பாடம்.

நாகர்கோவிலில் குழந்தை மருத்துவர் ஒருவர் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டி, சைக்கிள் பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். மயிலாடியில் தொடங்கி, நெய்யூர் வழியாக அருமனை வரை. ஓட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் கிலோமீட்டருக்கு இவ்வளவு பணம் என்று வாக்கு வாங்கிக்கொள்வார்கள். சேர்வது முழுவதும் இந்நோயை வேரோடு போக்கும் வழி தேடுகிற ஆராய்ச்சிக்குப் போகும். நோயுள்ள பிள்ளைகள் முதல் மூன்று கிலோமீட்டர் மட்டும் தாங்களே ஓட்டுவார்கள். அதன்பின் வேனில் வருவார்கள். தையற்காரியின் மகள் அந்த மூன்று கிலோமீட்டருக்காக இரண்டு மாதம் பழகினாள். மாலைதோறும் கடைக்குப் பின்னாலுள்ள சாலையில் அவள் போய் வருவதைக் கோவிலுக்குப் போகிற வழியில் பார்ப்பேன். என்னைக் கண்டால் ஒரு காலை ஊன்றி நின்று, தாத்தாவைக் கூப்பிடும் எங்கள் ஊர் வழக்கில், "பாட்டா, இன்னிக்கு ஒம்பது தடவ" என்பாள்.

தொடக்கத்தில் இறைவணக்கம் பாட என்னை அழைக்கச் சொன்னதும் அவளுடைய தாய்தான். "நம்ம ஐயா நல்லா பாடுவாவ" என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் வீட்டுக்கே வந்தார்.

"ரெண்டு நிமிஷம் போதும் ஐயா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பதிகத்த வெட்டக் கூடாது டாக்டர். பத்துப் பாட்டும் பலன் சொல்லுத பாட்டும் சேந்தாத்தான் பதிகம், கேட்டேளா."

"சரி ஐயா, கொஞ்சம் வேகமாப் பாடிருங்க."

"வேகமாப் போக இது என்ன மார்த்தாண்டம் பஸ்ஸா?"

அவர் சிரித்துவிட்டு, பிள்ளைகள் காலை உணவை முடித்தபின் பாட்டு, பாட்டு முடிந்ததும் புறப்பாடு என்று வரிசை சொல்லிவிட்டுப் போனார். அவ்வரிசையை மாற்றியவன் நான்.

மயிலாடிக்கு அருகே ஒரு பள்ளி மைதானம். அதன் ஓரத்தில் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார். காலை ஆறு மணிக்குச் சைக்கிள்காரர்கள் நாற்பது பேர் வந்து நின்றார்கள். மருத்துவர் சாலையில் காவலரோடு பேசிக்கொண்டிருந்தார். தானும் ஓட்ட வந்திருந்த தையற்காரியின் சைக்கிளில் காற்று இறங்கியிருந்தது. மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, சந்திப்பிலுள்ள கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள். அப்போது உணவு வந்தது. இட்லிப் பொட்டலங்கள், ஒரு வாளியில் சர்க்கரைப் பொங்கல். யாரோ பொட்டலத்தைப் பிரிக்கப் போனார். பிள்ளையார் முன்னிலையில், தொடக்கமும் ஆகாமல், படையலும் ஆகாமல், வாயில் வைப்பதா? "எல்லாரும் நில்லுங்க" என்றேன். "பாடிப் படச்சுட்டுத் திங்கலாம்." பெரியவர்கள் உடனே கையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் செருப்பைக்கூடக் கழற்றினார்கள்.

நோயுள்ள பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பிள்ளைகளின் தாய்மார் அருகிலேயே இருந்தார்கள். உணவு கைக்கு வந்தபின் ஊசி போடலாம் என்று காத்திருந்தார்கள். இவள் ஒருத்திதான் தாய் சொன்ன நேரத்துக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு, மகிழ்ச்சி தாங்காமல் மைதானத்தைச் சைக்கிளில் நான்கு சுற்று சுற்றியும் வந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமும்போது என் அருகே வந்தாள்.

"பாட்டா, நான் ஊசி போட்டாச்சு."

"நல்லது மக்களே. மருந்து எடுத்தாச்சுல்லா, பின்ன என்ன?"

"இனி திங்கணும்."

"சாமிக்குப் படைக்காமத் திங்கலாமா? பாட்டு முடியட்டும்."

"எத்தன பாட்டு?"

"பதினொண்ணு."

அவள் மைதானத்தின் வாசலைப் பார்த்தாள். தாயைத் தேடினாள் என்று இப்போது புரிகிறது. பிறகு மறுபேச்சில்லாமல் என் எதிரே முதல் வரிசையில் வந்து கைகூப்பி நின்றாள். கழுத்தில் சிறிய சிலுவை. சொன்னதும் கேட்கிற பிள்ளை என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

பாடத் தொடங்கினேன். அன்று குரல் நன்றாகவே வந்தது; அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மூன்றாம் பாட்டில் அவள் கை சட்டைப் பைக்குள் போயிற்று. ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்தாள். நான் தாளம் விடாமல், இடக்கையை உயர்த்தி, புருவத்தை நெரித்து, கூடாது என்று காட்டினேன். அவள் கை பாதி வழியில் நின்றது. விரல்களை மூடிக்கொண்டாள்.

ஏழாம் பாட்டு வரும்போது அவள் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. காலை இளங்காற்றில் வேறு யாருக்கும் வேர்க்கவில்லை. உதடுகள் நடுங்கின. கண்கள் பாதி செருகின. உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல் குழறியது.

நான் நாற்பது ஆண்டுகளாக ஓதுகிற பாடல்களில் இவை அனைத்தும் உண்டு. இறைவன்பால் உருகிய அடியாருக்கு உடல் நடுங்கும், மெய் வேர்க்கும், நாக் குழறும், கண் செருகும், நின்ற நிலை தளரும் என்று ஆயிரம் இடங்களில் படித்து, பொருள் சொல்லி, ஒருநாளும் எனக்கு அவை வாய்த்ததில்லையே என்று ஏங்கியும் இருக்கிறேன். அவை இப்போது ஒரு பிள்ளையின் உடம்பில், ஐந்தடி தூரத்தில், என் குரலுக்கு நிகழ்கின்றன என்று நினைத்தேன். அதுவும் சிலுவை அணிந்த பிள்ளை. இப்பாட்டின் ஒரு சொல்லையும் முன்பு கேட்டறியாதவள். பாட்டு தானாகவே புகுந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கியது. அவளுக்காக அந்த ஏழாம் பாட்டின் கடைசி அடியை மீண்டும் பாடினேன். இழைத்து, நெகிழ்த்து, மூன்று முறை பாடினேன்.

மூன்றாம் முறையில் அவள் புல்மேல் சரிந்தாள். சரிந்தபோதும் ஒரு கணம் அதைப் பக்தி என்றே எண்ணினேன். இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

ஒரு பெண் கூவினாள். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தாய் ஓடி வந்தாள். "எனக்க மாதாவே" என்று ஒரு முறை சொன்னாள். அதன்பின் அவள் கைகள்தாம் பேசின. மகளை ஒருக்களித்துக் கிடத்தி, இடுப்புப் பையிலிருந்து குளுக்கோஸ் பொடியை எடுத்துக் குழைத்து, கன்னத்தின் உட்புறம் சிறிது சிறிதாகத் தடவினாள். மருத்துவர் வந்து விரலில் குத்திப் பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை. முகம் மட்டும் மாறியது. என்ன மருந்தோ, தொடையில் ஒரு ஊசி போட்டார். கால் மணி நேரத்துக்குப்பின் பிள்ளை கண் விழித்தாள். கையை விரித்தபோது மிட்டாய் உள்ளங்கையில் இளகி ஒட்டியிருந்தது.

தாய் அதைப் பார்த்தாள். "ஏட்டி, மிட்டாயப் பிரிச்சுக் கையில வச்சிட்டா நின்ன? ஏன் திங்கல்ல?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு தாயின் பக்கம் திரும்பி, "மறந்துட்டேம்மா" என்றாள்.

"மறந்துட்டியா? மூச்சு விட மறப்பியாட்டி நீ?" தாய் என்னிடம் திரும்பினாள். "ஐயா, நீங்க நேர் முன்னத்தானே நின்னிய. இவ கையப் பாத்தியளா?"

"பாட்டுல நின்னேன் மக்களே" என்றேன். "கவனிக்கல்ல."

பொய் சொல்வதற்கு முன் நாக்கு தயங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் நாக்கு தயங்கவில்லை. இறைவன் திருநாமம் அதே நாக்கில் இன்னும் ஈரமாக இருந்தது.

இன்றைக்கு அவள் ஓட்ட வேண்டாம் என்றார் மருத்துவர். அது மருத்துவம். தாய் சொன்னது வேறு. "இன்னிக்கு மட்டுமில்ல, இனி சைக்கிள்ல ஏற மாட்டா. நேரத்துக்கு வாயில போடத் தெரியாதவளுக்கு சைக்கிள் ஒரு கேடா?" அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள். "மூணு கிலோமீட்டர்தானேம்மா. மூணே மூணு" என்று வேனின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அரசமரத்தடியில் நின்றேன். இருபது அடி தூரம்கூட இராது. போய்ச் சொல்லியிருக்கலாம்.

சைக்கிள்காரர்களில் என் பழைய அலுவலகத் தோழர் ஒருவர் இருந்தார். பதற்றம் தணிந்ததும் என் தோளைத் தட்டி, "வே, ஒம்ம பாட்டுக்கு ஆளு விழுந்தத இன்னிக்குத்தான் கண்டேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் புறப்பட்டுப் போனபின், பதிகம் குறையாக நிற்கலாகாது என்று, மிச்சமிருந்த நான்கு பாட்டையும் பிள்ளையார் முன் தனியே பாடி முடித்தேன். பாடுவோரைப் பிணி அணுகாது என்று பலன் சொல்லும் கடைசிப் பாட்டையும் விடவில்லை.

அடுத்த பத்து நாள் வழக்கம்போல் கோவிலுக்குப் போனேன். தையற்கடைச் சாலையை மட்டும் தவிர்த்து, குளக்கரை வழியாகச் சுற்றிப் போனேன். பத்தாம் நாள் பகலில் என் மனைவி ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்து, சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தையக்காரிக்க கட பாதி நேரமும் பூட்டித்தான் கெடக்கு, கேட்டேளா. இடைவேளைக்கு ரெண்டு தடவ பள்ளிக்கூடத்துக்குப் போயி, புள்ளைக்க வாயில போடுதது வரைக்கும் நின்னு பாத்துட்டு வாறாளாம். 'இவள நம்ப ஒக்காது அக்கா'ங்கா. புள்ளைக்க சைக்கிள வித்துப்போட்டாளாம்."

"வித்துட்டாளா?"

"ஆமா. புள்ள வாயே தொறக்கலியாம். பாவம், என்னத்தக் கண்டு பயந்துச்சோ."

தட்டைத் தள்ளி வைத்தேன். அவளிடம்தான் முதலில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் குழம்பில் போட்டாள். "அம்புட்டு பேருக்கு முன்ன அந்தக் குஞ்சு உங்கள மறச்சு வச்சிருக்கு" என்றாள். "நீங்க உங்களத்தான் மறச்சு வச்சிருக்கிய." எழுந்து போனாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கடைக்குப் போனேன். இயந்திரத்தின் முன் தாய். உள்ளே, பள்ளிச் சீருடை மாற்றாமல் மகள். பாவாடைத் துணியோடு ஒரு பெண் அளவெடுக்கக் காத்திருந்தாள். அவள் போகட்டும் என்று நினைத்தேன். அதுவும் ஒளிவதுதான் என்று தோன்றியதால் அவள் இருக்கவே சொன்னேன். பிள்ளை வந்து கேட்டது, நான் மறுத்தது, மிட்டாயைத் தடுத்தது, பொய், எல்லாம். பக்தி என்று நினைத்து மூன்று முறை பாடியதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

இயந்திரம் நின்றிருந்தது. "எத்தன நாளாச்சு?" என்றாள் தாய்.

"பதினோரு நாள்."

"பதினோரு நாளும் இவளப் போட்டு ஏசியிருக்கேன்." மகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, பாட்டாவா திங்காண்டாம்னு சொன்னது? ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

பிள்ளை சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பாட்டா சாமிக்குப் பாடுதவங்க. சொன்னா நீ அவங்கள ஏசுவ."

நான் குனிந்து, "தப்பு எனக்கது மக்களே. நீ ஒரு தப்பும் செய்யல்ல. என்ன மன்னிச்சிரு" என்றேன். "சரி பாட்டா" என்றாள், வகுப்பில் வருகை சொல்வது போல.

"அது போராது" என்றாள் தாய். கோபமாகச் சொல்லவில்லை, அளவு சரியில்லாத துணியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "நீங்க மன்னிப்பு கேட்டிய, உங்களுக்கு மனசு லேசாயிரும். இவளுக்கு என்ன கெடச்சு? நாளைக்கு ஒரு டீச்சர் கீழ வைன்னா வைப்பா. ஃபாதர் வைன்னா வைப்பா. பெரிய ஆளு மொறச்சா இவளுக்க கை தாழ்ந்துரும். நான் தொண்ட கிழியச் சொன்னாலும் அது மாறாது. உங்களாலதான் ஒக்கும்."

"நான் என்ன செய்யணும்?"

"பாடுங்க. அன்னிக்கு மாதிரி மொறைங்க. இவ திங்கட்டு."

அது பிள்ளை பள்ளி விட்டு வந்து தின்கிற நேரம். தாய் விரலில் குத்திப் பார்த்து, ஊசி போட்டு, இரண்டு மட்டி வாழைப்பழத்தைத் தட்டில் வைத்தாள். அளவெடுக்க வந்தவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் வெட்டுத் துணிகளுக்கு நடுவே நின்று பாடினேன். குரல் எழவில்லை.

"இப்பிடியா அன்னிக்குப் பாடினிய? ஒழுங்காப் பாடுங்க ஐயா."

ஒழுங்காகப் பாடினேன். பிள்ளை பழத்தை உரித்து வாயருகே கொண்டுபோனாள். இடக்கையை உயர்த்திப் புருவத்தை நெரித்தேன். அவள் கை அப்படியே தாழ்ந்தது. தாழ்ந்துவிட்டதைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். ஒரு புருவத்துக்கு இவ்வளவு வலிமை இருந்திருக்கிறது; அதை நான் நாற்பது ஆண்டுகளாக எத்தனை பேர்மேல் செலுத்தினேனோ என்று அந்தக் கடையில் நின்று நினைத்தேன்.

"திரும்பவும்" என்றாள் தாய்.

இரண்டாம் முறை பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு துண்டு கடித்தாள்.

"கீழ பாக்காண்டாம். மூஞ்சியப் பாத்துத் தின்னு."

மூன்றாம் முறை அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் முழு முகத்தையும் கடுமையாக்கினேன். அவள் உதடு துடித்தது.

"பாட்டா, நெசமாவே கோவமா?"

இல்லை மக்களே என்று அவள் தலையைத் தொட என் கை துடித்தது. என் நெஞ்சு ஆறுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் உண்மையாகவே சினந்து நிற்கும் ஒருவர் முன்னால் இவள் ஒருநாள் நிற்பாள். அன்று தாய் அருகே இருக்க மாட்டாள்.

"கோவந்தான்" என்றேன், புருவத்தை இறக்காமல்.

அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே பழத்தை வாயில் வைத்து, கன்னம் புடைக்க மென்றாள். மென்று விழுங்கிவிட்டு, "கோவமாவே இருந்துக்கிடுங்க" என்றாள்.

"அடுத்த பாட்டு" என்றாள் தாய், ஊசியில் நூலைக் கோத்தபடி.